தமிழ் வகுப்புக்குள் ஓடிய ரேஸ் கார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒன்பது சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் என் மானம் கப்பலேறியது. அதில் மூத்தவளுக்கு வயது ஒன்பது. கடைக்குட்டிக்கு முன்பல் இரண்டும் இல்லை.

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி சுகந்தி ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர். இப்போது வெள்ளவத்தை பிளாட்டின் சாப்பாட்டு மேசையில் லெப்டொப்பை வைத்து, டொரண்டோவில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறாள். அங்கே ஞாயிறு காலை, இங்கே மாலை ஆறரை. மூன்று பிள்ளைகளோடு தொடங்கியது, மூன்று வருடத்தில் ஒன்பதாகியது. யாரும் விளம்பரம் பார்த்து வந்தவர்கள் இல்லை. ஒரு தாய் இன்னொரு தாய்க்குச் சொல்லி, அவள் தன் மச்சாளுக்குச் சொல்லி... "டீச்சரை நம்பிப் பிள்ளையை விடலாம்" என்ற ஒரு சொல்லில் நிற்கிற வகுப்பு அது.

எனக்கோ கார் ரேஸ் பைத்தியம். பேப்பரில் வரும் இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இது தெரியும். இதற்காகத் திட்டிக் கடிதம் போட்டவர்களும் உண்டு. ஐரோப்பாவில் ரேஸ் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது? பெரும்பாலும் நம் நேரம் ஞாயிறு மாலை ஆறரை. வீட்டில் எத்தனை லெப்டொப்? ஒன்று.

டீவியில் பார்க்கலாமே என்பீர்கள். அந்தச் சனலுக்குச் சந்தா கட்ட வீட்டில் அனுமதி கிடைக்கவில்லை. போனில்? இருபது கார்களின் நேரத்தை அந்தச் சின்னத் திரையில் வாசிக்க என் கண்ணாடி ஒத்துழைக்காது. தவிரவும், நான் ரேஸைப் பார்க்கிற ஆள் இல்லை — வாசிக்கிற ஆள். எந்தக் கார் எந்தச் சுற்றை எத்தனை செக்கனில் முடித்தது, முன்னால் போகிறவனை எட்டிப்பிடிக்க இன்னும் எவ்வளவு இருக்கிறது... அந்த எண்கள் மாறிக்கொண்டே இருந்தால் போதும், எனக்கு எஞ்சின் சத்தமே கேட்கும்.

இப்படி அலைந்த நேரத்தில்தான் அந்த பிளகின் கண்ணில் பட்டது. பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கீழ் மூலையில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதற்குள் லைவ் டைமிங். இலவசம்! சுகந்தி பாடம் நடத்துவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து மூலையைப் பார்ப்பேன். யாருக்கு நட்டம்?

போடும்போது ஏதோ கேள்வி கேட்டது. இரண்டு வரி. வகுப்புக்கும் ரேஸுக்கும் இரண்டே நிமிடம் இருந்தது. 'ஓம்' என்ற பட்டனை அமத்தினேன்.

எங்கள் பிளாட் வாசலில் ஒரு செக்யூரிட்டி இருக்கிறார், சிங்களத்தில் எல்லோருக்கும் 'அய்யே', அதாவது அண்ணன். போன மாதம் என் சொந்தத் தம்பி கல்கிசையிலிருந்து பலாப்பழத்தோடு வந்தான். அடையாள அட்டை இலக்கம் எழுதி, எந்த மாடி, என்ன அலுவல் என்று கேட்டு, மேலே எனக்குப் போன் எடுத்து உறுதி செய்த பிறகுதான் பலாப்பழம் லிஃப்டில் ஏறியது. அப்படிக் காவல் காக்கிற வீட்டுக்குள், முகம் தெரியாத ஒருவனை நான் ஒரே அமத்தலில் கூட்டிவந்து சாப்பாட்டு மேசையில் இருத்தியிருக்கிறேன்.

மூன்று மாதம் சுகமாகப் போனது. மூலையில் என்ன என்று சுகந்தி ஒருமுறை கேட்டாள். மணிக்கூடு என்றேன். முழுப் பொய் இல்லை, நேரம்தானே காட்டுகிறது! நான் கிழமைதோறும் வகுப்பில் உட்காருவதில் அவளுக்குப் பெரிய சந்தோஷம். களுபோவிலயில் இருக்கும் தன் அக்காவிடம் போனில் பெருமையாகச் சொன்னதை நானே கேட்டேன். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை.

மூன்று கிழமைக்கு முன் அது நடந்தது. அக்‌ஷன் என்று ஏழு வயதுப் பையன். ஐந்து மாதமாகச் சுகந்திக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தான். க, ப், ப, ல் என்று எழுத்தெழுத்தாகச் சொல்வான். சேர்த்து வாசிக்கச் சொன்னால் படத்தைப் பார்த்து "போட்" என்பான். அன்றும் அவன் முறை. இரண்டாவது கார் முதலாவதை முந்தப் போகிற நேரம், நான் மூலையிலேயே கண்ணாக இருந்தேன். திடீரென்று என் பெட்டியைக் காணவில்லை. பிள்ளைகளுக்குக் காட்டுகிற பாடம் இருந்த இடத்தில் பெரிய சிவப்பு எழுத்துகள், சில்லறை கொட்டுகிற படம் ஒன்று. அக்‌ஷன் தொண்டையைச் செருமி, ஒரு பிழை இல்லாமல், ஒரே மூச்சில் வாசித்தான்.

"இன்றே பந்தயம் கட்டுங்கள்! முதல் பந்தயம் இலவசம்!"

"கெட்டிக்காரன்!" என்றாள் சுகந்தி. பழக்கதோஷம். அதன் பிறகுதான் திரையைப் பார்த்தாள்.

அக்‌ஷனின் பின்னால் தாயின் குரல் கேட்டது. "டீச்சர், என்ன இது? பிள்ளைக்குச் சூதாட்டமோ படிப்பிக்கிறியள்?" திரையில் அவன் முகம் தெரிந்த கட்டம் கறுப்பாகியது.

மறுநாள் லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். வெள்ளவத்தையில் கடை இல்லையா? இருக்கிறது. ஆனால் வெள்ளவத்தையில் திருத்தக் கொடுத்தால், நான் வீடு வருவதற்கு முன் செய்தி வந்துவிடும். கொட்டாஞ்சேனையில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கும் ரிஸ்வான் பழைய பழக்கம். பார்த்தவுடனே விசயத்தைப் பிடித்துவிட்டார்.

"நீங்க போட்ட நேரம் இது நல்லதாத்தான் இருந்திருக்கும் சேர். செஞ்சவன் வேற ஆளுக்கு வித்துட்டான். வாங்கினவன் உள்ளுக்கு எல்லாத்தையும் மாத்திட்டான், அது தானாவே அப்டேட் ஆகியிருக்கு. நீங்க குடுத்த சாவி மட்டும் அதே சாவி."

என்ன சாவி என்று கேட்டேன். நான் வாசிக்காமல் அமத்திய அந்த இரண்டு வரியைத் திறந்து காட்டினார். விளம்பரம் சின்ன விசயமாம். திறக்கிற பக்கம், தட்டுகிற எழுத்து, எல்லாவற்றையும் அது பார்த்திருக்கலாமாம். பார்த்ததா இல்லையா என்று அவராலும் சொல்ல முடியாதாம். பிளகினைக் கழற்றிவிட்டு, எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றச் சொன்னார்.

அந்த லெப்டொப்பில்தான் சுகந்தி வகுப்புப் பட்டியலைத் திறப்பாள். ஒன்பது பிள்ளைகளின் பெயர், பிறந்த நாள், வீட்டு விலாசம், தாய் தகப்பனின் ஈமெயில். ஒரு கார் இன்னொரு காரை முந்துவதைப் பார்க்க, ஒன்பது வீட்டுக் கதவைத் திறந்து விட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினேன். சுகந்தி லெப்டொப்பை மூடி வைத்தாள்.

"அப்ப இவ்வளவு நாளும் நீங்கள் என்ர பாடத்தைக் கேக்கேல்லை" என்றாள்.

பிறகு போனை எடுத்தாள். தாய்மாருக்கு இதெல்லாம் சொல்லத்தான் வேண்டுமா, சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

ஒன்பது வீட்டுக்கும் எடுத்தாள். பழியை என் மேல் போடவில்லை, "எங்கட வீட்டில நடந்த பிழை" என்றே சொன்னாள். பக்கத்தில் இருந்து கேட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. சிலர் நன்றி சொன்னார்கள். ஒருவர் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். அக்‌ஷனின் தாய் கேட்டுவிட்டுப் போனை வைத்தாள். அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை. வகுப்பு முடிந்த பிறகு சுகந்தி அவனுடைய கப்பல் படத்தை அடுத்த கிழமைக்கு எடுத்து வைத்தாள்.

போன ஞாயிறு. ஆறரைக்கு எட்டுப் பேர். சுகந்தி என்னைக் கமராவுக்கு முன்னால் இழுத்து இருத்தினாள். திரையில் பாடத்துக்குப் பதிலாக, பெரிய எழுத்தில், தமிழில், அந்த இரண்டு வரி இருந்தது. அங்கிள் இன்றைக்கு இதை வாசிப்பார் என்று அறிவித்தாள். அந்த நேரம் பார்த்து ஒன்பதாவது கட்டம் வெளிச்சமாகியது. அக்‌ஷன். பின்னால் தாய், கையைக் கட்டியபடி. முதல்முறை இதை வாசிக்காமல் அமத்தியது நான்தான் என்று எல்லோருக்கும் ஒத்துக்கொண்டேன்.

வாசித்தேன். "நீங்கள் செல்லும் எல்லா இணையத்தளங்களிலும், உங்கள் தரவுகள் அனைத்தையும் வாசிக்கவும் மாற்றவும் இதற்கு அனுமதி அளிக்கிறீர்களா?" இரண்டு இடத்தில் தடக்கினேன். எல்லோரும் சிரித்தார்கள். அக்‌ஷன் சிரிக்கவில்லை. திரையைக் கவனமாகப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து வாசித்து முடித்துவிட்டுக் கேட்டான்.

"அங்கிள், இது ஈஸிதானே? ஏன் ஃபர்ஸ்ட் டைம் வாசிக்கேல்லை?"

தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு, "டீச்சர், இவன் அடுத்த கிழமையும் வருவான்" என்றாள். சுகந்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

ரேஸில் யார் வென்றது என்றா கேட்கிறீர்கள்? திங்கட்கிழமை பேப்பரில் பார்த்தேன் — கடைசி வரி வரைக்கும் வாசித்தேன்.