மூன்று சென்டிமீட்டர் மாப்பிள்ளை

அறந்தாங்கிக் கடையில் ஒரு ஷூவைக் கவிழ்த்துக் குதியைக் காட்டினார் கடைக்காரர். "போட்டா மூணு சென்டிமீட்டர் ஒசரமாத் தெரிவீங்க சார்."

புதுத் தோல் வாசனையோடு அந்தத் துபாய் மாப்பிள்ளை நினைவுக்கு வந்தான். என் சிறுவயதில் அத்தையைப் பெண் பார்க்க வந்தவன், ஷூவைக் கழற்றாமலே எங்கள் கூடத்துக்குள் ஏறினான். "பொண்ணு பையனவிட ஒரு சென்டிமீட்டர் ஒசந்திருந்தாலும் வேணாங்க" என்று அவன் அம்மா இருவரையும் உயரம் பார்க்க வாசல் நிலையோரம் நிற்கச் சொன்னாள்.

அத்தை காபித் தட்டைக் கீழே வைத்தாள். "மொதல்ல அவரை ஷூவைக் கழட்டச் சொல்லுங்க."

அவன் மிடுக்கு முழுவதும் அந்தக் குதியில்தான் இருந்தது போலும். காபியைக்கூடத் தொடாமல் கார் ஏறிவிட்டான்.

"வீட்டுக்குள்ள போனா கழட்டணுமே?" என்றேன் கடைக்காரரிடம்.

அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதுக்குத்தான் சார், சாக்ஸுக்குள்ள வச்சுக்கிற மாதிரியும் வந்துருக்கு. பொண்ணு பாக்கப் போறவங்க அதத்தான் கேக்குறாங்க."