சமையலறைக்கு வெளியே நின்ற செருப்பு

ஒரு காலை, கட்டிலிலிருந்து இறங்கி வைத்த முதல் அடியிலேயே வலது குதிகாலில் ஆணி ஏறியது போல இருந்தது. குனிந்து பார்த்தேன், ஒன்றுமில்லை. சமையலறைக்குப் போய்ப் பால் காய்ச்சுவதற்குள் வலி குறைந்துவிட்டது. அப்படித் தினமும் வந்து குறைந்ததால் பல மாதங்கள் யாரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கும் இப்படி இருந்தால் என்னைப் போலக் காத்திருக்காதீர்கள்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்து மருத்துவமனைக்குக் கணவர்தான் அழைத்துப் போனார். எலும்பு மருத்துவர் குதிகாலை அழுத்திப் பார்த்து, பிளான்டார் ஃபேசியைட்டிஸ் (குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தைத் தாங்கும் தசைநார்ப் பட்டையின் பாதிப்பு) என்றார். எக்ஸ்ரேயில் சிறிய எலும்பு முள் தெரிந்தது. நான் பயந்தேன்.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்மா, நிறைய பேருக்கு இருக்கும். வீட்டுக்குள்ள கால்ல என்ன போட்டுக்கறீங்க?"

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

"கிச்சன்ல?"

"கிச்சன்ல சாமி இருக்கு."

அவர் சிரித்துவிட்டார். "சாமி இருக்கட்டும். நீங்க செருப்பு போட்டுக்கிட்டு நில்லுங்க."

எம்.சி.ஆர். செருப்பு (நுண்துளை ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்பு) வாங்கினோம். அன்று மாலையே கணவர் சொல்லிவிட்டார்: "ஹால்ல போட்டுக்கோ கீதா. கிச்சன்ல வேணாம், சாமி இருக்கிற இடம்."

எங்கள் வீட்டில் பூஜையறை கிடையாது. ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்து அலமாரிதான் சாமிக்கு. அதை ஹாலின் ஈசானிய மூலைக்கு மாற்றலாமே என்றேன். அங்கே அவருடைய மேசை இருந்தது. நின்றபடியே மீட்டிங் பேசுவதற்கான மேசை. கால் வலிக்காமல் இருக்கக் கீழே தடித்த ரப்பர் விரிப்பு.

"வைஃபை அங்கதான் நல்லா வருது" என்றார்.

எனக்கு அலுவலகத்தில் நாள் முழுக்க நாற்காலி வேலை. நான் நிற்பதெல்லாம் சமையலறையில்தான். ஹாலில் பத்தடி செருப்போடு நடந்து, சமையலறை வாசலில் கழற்றிவிட்டு, காலையும் மாலையும் வெறுங்காலோடு டைல்ஸ் தரையில் நின்றேன்.

பிறகு சிகிச்சைகள் ஆரம்பித்தன. துண்டைப் பாதத்தில் மாட்டி இழுக்கும் பயிற்சி. இரவில் பாதத்தை மடங்காமல் பிடித்துவைக்கும் பட்டை. ஸ்டீராய்டு ஊசி (வீக்கத்தைத் தணிக்கும் மருந்து) போட்டபோது உயிர் போனது. சில வாரம் சுகமாக இருந்து வலி திரும்பியது. ஷாக்வேவ் (குதிகாலில் அதிர்வலைகளைச் செலுத்துவது) செய்தார்கள். பி.ஆர்.பி. ஊசியும் (நம் ரத்தத்திலிருந்தே தட்டணுக்களைப் பிரித்து வலிக்கும் இடத்தில் ஏற்றுவது) போட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் கணவர் லீவு போட்டு வந்தார், ஊசி ஏறும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். அதைக் குறை சொல்ல மாட்டேன். என் குதிகாலில் எதைக் குத்தவும் எங்கள் வீட்டில் தடையில்லை.

"செருப்பு போடறீங்கதானே?" என்று மருத்துவர் கேட்கும்போதெல்லாம், "போடறா டாக்டர்" என்று கணவரே பதில் சொன்னார்.

கடைசியில் அறுவை சிகிச்சை பற்றி யோசிக்கலாம் என்றார் மருத்துவர். அதன் பிறகு எப்படி நடப்பேனோ என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கணவர் குடியிருப்பு நண்பர்களோடு காலையில் ஓடத் தொடங்கினார். சீக்கிரமே குதிகால் வலியென்று அதே மருத்துவரிடம் போய், அதே கறுப்புச் செருப்போடு வந்தார்.

மறுநாள் சமையலறையில் செருப்புச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். சாமி அலமாரிக்கு முன்னால் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கிச்சன்ல..."

"உயிர் போகுது கீதா. டாக்டர் சொல்லியிருக்காங்கல்ல? சாமிக்குத் தெரியாதா?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. வாசலில் கிடந்த என் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

அவருக்குச் சில வாரங்களில் சரியாகிவிட்டது. ஊசியே தேவைப்படவில்லை. எனக்கு மாதங்கள் பிடித்தன, அறுவை சிகிச்சைப் பேச்சு நின்றது. செருப்பு மட்டுமே குணப்படுத்தியது என்று நான் சொல்ல மாட்டேன். பயிற்சியை இன்றும் விடவில்லை. எந்தச் சிகிச்சை உங்களுக்குச் சரிவரும் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். கூடவே, வீட்டில் எங்கே எப்படி நிற்கிறீர்கள் என்பதை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள்.

வலி போனதும் அவர் தன் செருப்பை வெளியே கொண்டுபோய் வைத்தார். "உனக்கும்தான் சரியாயிடுச்சே, இனிமே கழட்டிடலாம்ல?" என்றார்.

காலையில் கட்டிலிலிருந்து இறங்கும்முன் இப்போதும் கொஞ்ச நேரம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். வலிக்காது என்று எனக்குத் தெரிகிறது, பாதம் நம்புவதில்லை. அவர் எழுவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போகிறேன். அதே செருப்போடு நின்றுதான் சாமிக்கு விளக்கேற்றுகிறேன்.