அளவுகோலில் அடிக்கும் ஆணி

கணினியில் யாருடைய கோப்பைத் திறந்தாலும் நகல் கடை அக்கா முதலில் அழுத்துவது, மறைந்திருக்கும் குறிகளைக் காட்டும் பொத்தானைத்தான். இடைவெளி விட்ட இடமெல்லாம் குட்டிப் புள்ளிகளாகத் திரையில் எழும்பும். என் அட்டவணையில் அவை சாரை சாரையாக எழும்பின.

"ஏம்மா, இத்தனை எறும்பு வளத்திருக்கியே, சர்க்கரை எங்க கொட்டுச்சு?"

எண்களை நேராக நிறுத்த, இரண்டு நாள் இடைவெளிக் கட்டையைத் தட்டித் தட்டி நான் மல்லுக்கட்டியதன் தடயம் அது.

சலவைக் கடைக்கும் செருப்புத் தைப்பவருக்கும் நடுவே, மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் தெருவில் நிற்கவேண்டிய கடை அக்காவுடையது. பிழைக்க வந்த நாங்கள் எல்லாரும் ஏதாவது ஒரு தாளோடு அங்கே போய் நின்றவர்கள்தான். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு மேசையெல்லாம் தேடுவார். தேநீரை ஆறவைத்து, "ஆறிப்போச்சு பாரு" என்று அதையே திட்டிக்கொண்டு குடிப்பார். எழுத்தையும் எண்ணையும் ஒரே நேர்கோட்டில் பிடித்து நிறுத்தும் டேப் (Tab) நிறுத்தங்களை ஆணி என்பார். அதனால் எங்களுக்கு ஆணியக்கா.

என் அட்டவணை, மகளின் வலிப்பு மருந்து. ஆறு வருட அளவுகள், மில்லிகிராமில். பதினோரு மணிக்குப் புதிய மருத்துவமனையில் கொடுத்தாக வேண்டும். ஊர் மருந்துச் சீட்டுகளில் தசமத்துக்குப் புள்ளி. இந்த நாட்டில் காற்புள்ளி. இங்கே புள்ளி வைத்தால் அது ஆயிரத்தைப் பிரிக்கும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றியிருந்தேன்.

அக்கா எறும்புகளை ஒரே தட்டில் அழித்தார். எண் வரிசையைத் தேர்ந்து, திரையின் மேலே இருக்கும் அளவுகோலில், தசமக் குறியைப் பிடித்து நிறுத்தும் தசம ஆணி ஒன்றை வைத்தார்.

"கட்டத்துக்குள்ள டேப்பைத் தட்டினா எகிறிப் பக்கத்து வீட்டுக்குப் போயிடும். இந்த ஆணிக்குத் தட்டவே வேணாம். தானா வந்து மாட்டிக்கும்."

மாட்டிக்கொண்டன. இருபத்து மூன்று எண்களும் ஒரே மூச்சில் நகர்ந்தன. காற்புள்ளிக்கு நேர் கீழே காற்புள்ளி. என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை. அக்கா மட்டும் கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மொத்தமாக இடப்பக்கம் துருத்தி நின்றது: 1.250.

"இவரு மட்டும் ஏன் கூட்டத்தோட சேராம முறைச்சுக்கிட்டு நிக்கிறாரு?"

"ஒன்னே கால் மில்லிகிராம்க்கா. இப்ப சாப்பிடுறது."

"உனக்கு ஒன்னே கால். இந்த ஊருக்கு ஆயிரத்து இருநூத்தம்பது. ஆணிக்கும் அப்படித்தான் தெரியுது."

இத்தனை முறை சரிபார்த்த என் கண்ணுக்கு இரண்டு பாஷையும் பழக்கம். அதனால்தான் இது உறுத்தவே இல்லை.

அக்கா உடனே திருத்திவிடவில்லை. "ஊர்ச் சீட்டைக் குடு" என்று வாங்கி, இருபத்து மூன்றையும் உரக்கப் படிக்கவைத்து ஒத்துப்பார்த்தார். பிறகுதான் அந்தப் புள்ளியைக் காற்புள்ளியாக்கினார். எண் சட்டென்று நகர்ந்து வரிசையில் போய் நின்றது.

"வீட்டுல பிரிண்ட் எடுத்தியா?"

பையிலிருந்த இரண்டையும் கொடுத்தேன். வாங்கி நாலாகக் கிழித்தார்.

"அவ்ளோதானா?"

"ஒன்னு... நேத்தே ஸ்கூல் நர்ஸ்கிட்ட குடுத்துட்டேன்க்கா. இனிமே மதிய மருந்து அவங்கதான் குடுப்பாங்க."

மணி ஒன்பதரை. "முதல்ல ஸ்கூலுக்கு" என்றார் அக்கா. திருத்தி அச்செடுத்த, சூடு ஆறாத புதுத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு, வாசலுக்குப் போய், கதவில் தொங்கிய பலகையை 'மூடியிருக்கிறது' என்ற பக்கம் திருப்பினார்.