மூன்று துளைப் பானை விளக்கு

எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் எங்கள் ஊரான காஜா பெராங்கில் என்னைப் போல் விளக்குச் செய்தவர் யாருமில்லை.

ஜப்பான்காரன் காலம் அது. வெளிச்சம் வெளியே தெரிந்தால் சிப்பாய் வந்து அறைவான். என் கணவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துப் போயிருந்தார்கள். நான் பழைய தண்ணீர்ப் பானை ஒன்றை வாரக்கணக்கில் வெயிலில் காயவைத்து, விளிம்போரம் ஆணியால் மூன்று துளை போட்டு, எண்ணெய் விளக்கின்மேல் கவிழ்த்தேன். வெளிச்சம் தரையில் மட்டும் விழுந்தது.

பக்கத்து வீட்டுச் செல்லம்மாக்கா பதறிப்போனார்.

“மூணு ஓட்டையா போட்ட? சுடுகாட்டுல தோள்ல தூக்கிச் சுத்துற பானைக்குத்தான்டி மூணு போடுவாங்க! புருஷன் சயாம்ல கெடக்குறான். இன்னொரு ஓட்டையாவது போடு.”

“வெளிச்சம் வேணும்னா உள்ள வந்து உக்காருங்கக்கா. இல்லன்னா இருட்டுலயே கெடங்க.”

வந்து உட்கார்ந்தார். தினமும் வந்தார்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம், விளக்கேற்றிய சற்றைக்கெல்லாம் மூன்று துளையிலும் தண்ணீர் வழிந்தது. உள்ளே சுடர் எரிகிறது. தொட்டால் பானை சில்லென்று இருக்கிறது. அக்கா எழுந்து போய்விட்டார். நான் துடைக்கத் துடைக்க வழிந்தது.

சண்டை முடிந்து சயாமிலிருந்து திரும்பிய என் கணவருடைய கூட்டாளி வந்து சொன்னார்: “அண்ணன் காய்ச்சல்ல போயிட்டாரு அண்ணி. பொழுது சாயுறப்போ தண்ணி தண்ணின்னாரு. எங்ககிட்ட ஒரு சொட்டு இல்ல. கொஞ்ச நேரத்துல அவரே, ‘போதும், குடிச்சிட்டேன்’னாரு.”

எந்த நாள் என்று நான் கேட்கவில்லை.

என் பானை அவரை அனுப்பி வைத்ததா, அவருக்குத் தண்ணீர் கொடுத்ததா? இன்றும் தெரியாது. அதை உடைக்க மட்டும் கை வரவில்லை.