இடது இமை துடித்ததற்காக

முதலில் துடித்தது என் இடது கண்ணின் கீழிமை. 2009 கோடையில், செம்மண்டலம் வீட்டில் சவரம் செய்துகொண்டிருந்தபோது கண்ணாடியில் பார்த்தேன். வலி இல்லை, எரிச்சல் இல்லை. தோலுக்கடியில் புழு நெளிவதுபோல ஒரு துடிப்பு, அவ்வளவுதான். நன்றாகத் தூங்கினால் போய்விடும் என்று விட்டிருப்பேன். என் மனைவி செல்வி விடவில்லை.

"ஆம்பளைக்கு வலது துடிச்சாதாங்க நல்லது. இது எடது. ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வந்துடுங்க" என்றாள்.

கண் மருத்துவர் கண்ணில் ஒன்றுமில்லை என்றார். எதற்கும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னார். அது கொஞ்சம் கூடியிருந்ததால் ஈ.சி.ஜி. (இதயத் துடிப்பைக் கோடுகளாகக் காட்டும் சோதனை). அதில் ஒரு கோடு சந்தேகமாக இருந்ததால் எக்கோ (ஒலி அலையால் இதயத்தைப் பார்ப்பது). இதயம் நன்றாகவே இருந்தது. ஆனால் கூடவே எடுத்த ரத்தத்தில் தைராய்டு அளவு எல்லையைத் தொட்டு நின்றது. கழுத்தை ஸ்கேன் செய்தால் அங்கே மிளகளவு ஒரு கட்டி. ஊசியால் குத்தி எடுத்துப் பார்த்து, சாதாரணக் கட்டிதான் என்றார்கள். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் "எதுக்கும் இத ஒண்ணு பாத்துடுவோம்" என்றார்கள்.

இமை மட்டும் தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் சிதம்பரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் (மூளை, நரம்பு நோய்களைப் பார்ப்பவர்) போனோம். தலையை ஸ்கேன் செய்ததில் சிறு வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. பயப்பட வேண்டாம், எம்.ஆர்.ஐ. (காந்தப் புலத்தால் உள்ளுறுப்புகளைப் படமெடுக்கும் சோதனை) எடுத்தால் தெளிவாகிவிடும் என்றார். அந்த 'பயப்பட வேண்டாம்' என்ற சொல்லுக்குத்தான் நான் மிகவும் பயந்தேன்.

எல்லாச் சோதனைக்கும் செல்வி என்கூடவே வந்தாள். ஸ்கேன் படங்கள் அடங்கிய பையை மடியில் வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். இளைத்திருந்தாள், நடை தள்ளாடியது. கேட்டால் வெயில் என்பாள். அவளுக்கும் ரத்த அழுத்தம் உண்டு; மாத்திரை சாப்பிடுகிறவள். "நீயும் ஒரு தடவ காட்டிக்கயேன்" என்றேன்.

"மொதல்ல ஒங்களுது முடியட்டுங்க."

எம்.ஆர்.ஐ. அறைக்குள் உலோகம் கூடாது. மோதிரம், கடிகாரம், வெள்ளி அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். அரைஞாணைக் கழற்றியதற்குத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அதையே உற்றுப் பார்த்துவிட்டு, "இது யாருதுங்க?" என்றாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவள்போல, "முதுநகர் பஸ்ஸு வந்துடுச்சா?" என்றாள். அடுத்த நொடி உடம்பு விறைத்து, பெஞ்சிலிருந்து சரிந்து, கைகால்கள் வெட்டி இழுத்தன.

ஆஸ்பத்திரி அங்கியோடு வராந்தாவில் நின்று கத்தினேன். நோயாளி நான். ஸ்ட்ரெச்சரில் போவது அவள். எனக்கு எதுவுமே புரியவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த பெண் மருத்துவர், ரத்தத்தில் சோடியம் (உடம்பில் உள்ள உப்புச்சத்து) மிக ஆபத்தாகக் குறைந்திருக்கிறது, மூளை வீங்குகிறது, உயிருக்கே உத்தரவாதம் இல்லை என்றார்.

"உப்பு சேத்து சாப்பிடறாங்களா?"

"எல்லாரும் சாப்பிடறதத்தான் சாப்பிடறா டாக்டர்" என்றேன்.

தகவல் கேட்டு ஓடி வந்திருந்த செல்வியின் தம்பி சேகர் தலையைக் குனிந்துகொண்டான்.

"இல்ல மாமா. அக்கா உப்பு வுட்டுடுச்சி. ஒங்களுக்கு ஒண்ணுமில்லன்னு டாக்டரு வாயால சொல்ற வரைக்கும் உப்பு தொடமாட்டேன்னு மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிச்சி. ஒங்க கிட்ட சொன்னா பலிக்காதுன்னு யாரையும் சொல்ல வுடல."

ஒரே ஒரு சோதனையோடு முடியும் என்று தொடங்கிய வேண்டுதல். 'இன்னும் ஒண்ணு பாத்துடுவோம்' என்று யார் சொன்னாலும் அவளுக்கு இன்னும் சில நாள் உப்பில்லாச் சோறு. எனக்குப் போட்டுவிட்டுத் தனியே சாப்பிடுகிறவள் என்பதால் வெளியே தெரியவில்லை. அவள் சாப்பிட்ட ரத்த அழுத்த மாத்திரை, சிறுநீர் வழியாக உப்பை வெளியேற்றும் வகையாம். வெயிலுக்கு வேறு வெறும் தண்ணீராகக் குடித்திருக்கிறாள்.

உப்பை வேகமாக ஏற்றினாலும் மூளைக்கு ஆபத்து என்று சிறுகச் சிறுக ஏற்றினார்கள். மூன்றாம் நாள்தான் என்னை அடையாளம் கண்டாள். நர்ஸ் கஞ்சி கொண்டுவந்தார். செல்வி வாயை இறுக்கிக்கொண்டாள்.

"உப்பு போட்டிருக்கா?"

"எனக்கு ஒண்ணுமில்ல செல்வி. குடி."

"நீங்க சொல்லக் கூடாது. டாக்டரு சொல்லணும்."

நரம்பியல் மருத்துவரிடம் ஓடினேன். "எம்.ஆர்.ஐ. பாக்காம நான் எப்படி சார் சொல்றது?" என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து எழுந்து வந்தார். அவள் கட்டிலருகே குனிந்து, "ஒங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுமில்லம்மா. நான் சொல்றேன்" என்றார். செல்வி அவர் வாயையே பார்த்தாள். பிறகு தன் வாயைத் திறந்தாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன்.

படம் பிறகு எடுத்தோம். அந்தப் புள்ளி பிறவியிலிருந்தே இருப்பதாம், தொந்தரவில்லை. இமை எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. அந்த நாட்களில் எனக்கென்று ஒரு உடம்பு இருந்ததே ஞாபகமில்லை.

இதைப் படிக்கும் நீங்களும் ஏதோ ஒரு வராந்தாவில் முடிவுக்காகக் காத்திருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன சாப்பிட்டார் என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

போன மாதம் எனக்கு முழங்கால் வலி. அவளிடம் சொல்வதற்கே பயமாக இருந்தது. "எதையும் வுடமாட்டேன்னு சத்தியம் பண்ணு, அப்பதான் என்னான்னு சொல்லுவேன்" என்றேன்.

செல்வி சிரித்தாள். சத்தியம் மட்டும் செய்யவில்லை.