அப்பா பெயரில் போன சைட்டேஷன்கள்

போன வருடம் பேராசிரியர் பதவிக்கு எங்கள் மேடத்தை நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடவில்லை. சொன்ன காரணம், சைட்டேஷன் போதாது. அதாவது, இவர் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை மற்ற விஞ்ஞானிகள் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டியது குறைவாம். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! டெங்கு வைரஸ் நம் செல்லுக்குள் எப்படிப் புகுகிறது என்று இவர் எழுதியதைப் படிக்காமல் அந்தத் துறையில் ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது. எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு அவர் லேபில்தான் வேலை பார்க்கிறேன். எனக்குத் தெரியாதா?

இந்த வருட விண்ணப்பம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். மாலைக்குள் போக வேண்டும். நான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். சைட்டேஷன் எண்ணிக் காட்டும் தளத்தில் மேடத்தின் பெயரைப் போட்டால் பழைய பரிதாபமான எண்தான் வந்தது. சரி என்று அந்த டெங்கு கட்டுரையின் தலைப்பைப் போட்டேன். அடேங்கப்பா! பக்கம் பக்கமாக ஆட்கள் அதை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். ஆனால் எழுதியவர் இடத்தில் யாரோ ஓர் ஆண் பெயர்.

"மேடம், உங்க பேப்பர எவனோ சுட்டுட்டான்!" என்று அவர் அறைக்குள் ஓடினேன்.

எழுந்து வந்து பார்த்தவர் சிரித்துவிட்டார். "லூசு, அது எங்கப்பா பேரு."

நமக்கெல்லாம் அப்பா என்றால் பெயருக்கு முன்னால் ஓர் இனிஷியல், அவ்வளவுதான். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் மேடம் அதை முழுசாக நிரப்பியிருக்கிறார். பிரான்சுக்கு ஆராய்ச்சிக்குப் போனபோது அவர்கள் அதையே கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"அங்க என்னை மதாம்னு சொல்லி எங்கப்பா பேரச் சொல்லித்தான் கூப்புடுவாங்க. பேப்பர்லயும் அதான் போச்சு. இங்க வந்து பழையபடி இனிஷியல் போட்டேன். எல்லாம் தானா சேர்ந்துக்கும்னு நெனச்சேன்."

"சேராது மேடம்! கம்ப்யூட்டருக்கு நீங்க ரெண்டு ஆளு."

இரண்டையும் ஒன்றாக்கத் தளத்திலேயே வழி இருந்தது. 'இவை உங்கள் கட்டுரைகளா?' என்று வரிசையாக நீட்டியது. நான் யோசிக்கவே இல்லை, எல்லாவற்றுக்கும் ஒரே அடியாக ஆமாம் கொடுத்தேன். எண் ராக்கெட் மாதிரி ஏறியது. நான் போட்ட சத்தத்தில், பக்கத்து மேசையில் ஜெல்லுக்குள் டி.என்.ஏ. சொட்டுவிட்டுக்கொண்டிருந்த சீனியர் பிப்பெட்டைக் கீழே வைத்தான். "ஓவரா ஆடாதடீ, ஜெல்லு கெட்டுடும்."

மேடம் திரையை மேலும் கீழும் உருட்டினார். "ஏ பொண்ணு, நான் எப்போ சிமெண்ட் கலவை பத்தி எழுதினேன்?"

அவர் அப்பா பெயர் இந்தக் கடற்கரையில் வீட்டுக்கு வீடு இருக்கும். அதே பெயரில் ஒரு சிவில் இன்ஜினியர். அவர் கட்டுரைகளையும் அள்ளிப் போட்டிருந்தேன். அப்படியே அனுப்பியிருந்தால் திருட்டுக் கணக்கு என்று மேடத்தை மொத்தமாக வெளியே தள்ளியிருப்பார்கள். ஒவ்வொன்றாக நீக்க நீக்க எண் இறங்கிக்கொண்டே வந்தது.

அந்த நேரம் பார்த்து மேடம் பிள்ளைச்சாவடி மீனவர் குப்பத்தில் இருக்கும் அப்பாவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மீன் ஏலச் சத்தம் லேப் முழுக்கக் கேட்டது.

"அப்பா, வெளிநாட்டு விஞ்ஞானிங்க எல்லாம் உன் பேரதான் எழுதுறாங்க!"

"இன்னாத்துக்கு? நான் யாருகிட்டயும் வம்புக்குப் போவலியே."

"என் பேப்பருக்குப்பா. இப்போ என் கணக்குல சேக்குறோம்."

"சேத்தா என் பேரு பூடுமா?"

"பூடாது. அச்சடிச்சது அச்சடிச்சதுதான்."

"அப்போ சரி. கணக்கு நீ வச்சிக்க பாப்பா, பேரு நான் வச்சிக்கிறேன்."

கடைசி சிமெண்ட் கட்டுரையும் போனபின் பார்த்தோம். எண் நின்றது. பதவிக்குக் கேட்டதற்கு மேலேயே நின்றது! பிரான்ஸ் கட்டுரைகளுக்குச் சான்றாகப் பாஸ்போர்ட் நகலை இணைத்து, ஆபீஸ் மூடுவதற்குள் அனுப்பிவிட்டோம்.

சில வாரம் கழித்து ஆபீஸிலிருந்து போன் வந்தது. நேர்காணலுக்கு அழைப்பு. நான் நாற்காலி மேலேயே ஏறிவிட்டேன்.

"எறங்கு, இது லேபா சந்தையா?" என்று அதட்டிவிட்டு மேடம் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே 'ஹையா!' என்று அவர் போட்ட கத்தல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.