செரபினா உட்கார்ந்த மூட்டை

இது சத்தியமாக நடந்த கதை. கொஞ்சம் இழுத்திருக்கிறேன், படகு வரும்வரை உங்களுக்கும் பொழுது போகவேண்டுமே. சில்வெரியோ மாமா, வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்காமல் கேளுங்கள்.

நம் தீவில் மேடு என்று ஒன்று உண்டென்றால் அது குப்பைமேடுதான். உச்சியில் நின்றால் மேகமெல்லாம் காலடியில் போகும். அங்கே காவல், செரபினா. மத்தியானத்தில் வெள்ளைப் பைகள் கொக்குக் கூட்டம்போல எழும்பி அமரும். மேடு வெதுவெதுப்பாக மூச்சுவிடும். அவள் பாதிக்கண் மூடி, மேட்டையே படகாக்கிக் கடலில் மிதந்துகொண்டிருப்பாள்.

அப்போதுதான் மாகாணத்து உத்தரவு வந்தது. மக்குவது, மக்காதது, விஷமானது என்று பிரிக்காத மூட்டை ஒன்று கண்ணில் பட்டாலும் மேட்டை மூடிவிடுவார்கள். செரபினாவுக்கு வேலையும் போகும், மிதப்பும் போகும்.

சோதனை நாளன்று அதிகாரி மேடேறி வரும்போதுதான் அவள் பார்த்தாள்: விடியலில் யாரோ வீசிப்போன கறுப்பு மூட்டை, கட்டிய முடிச்சோடு. எங்கே ஒளிப்பது? பாவாடையை விரித்து அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாத்தையும் பாக்கணும், எழுந்திருங்கம்மா."

"முட்டி பிடிச்சுக்கிச்சு சார். நீங்களும் செத்த நேரம் உக்காருங்க. காத்து நல்லா வருது."

அவரும் உட்கார்ந்தார். கொக்குகள் எழும்பின. தூரத்துக் கடல் மெல்லச் சாய்ந்தது; அவர் கண்ணும் சாய்ந்தது.

"இது நகருதாம்மா?"

"தினமும் நகரும் சார். நாலு மணிக்குத் திருப்பிக் கொண்டாந்துடுவேன்."

அதற்குள் அவள் கைகள் முதுகுக்குப் பின்னால் மூட்டையைக் கிழித்து உள்ளே போயிருந்தன. மீன்குடல் இடப்பக்கம், பாட்டில் வலப்பக்கம், பேட்டரி நடுவில். இருபது வருஷ விரல்களுக்குக் கண் எதற்கு? மூட்டை இளைக்க இளைக்க அவளும் தாழ்ந்துகொண்டே போனாள். மேடே முங்குகிறது என்று அதிகாரி திடுக்கிட்டு விழித்தார்.

"எதுமேல உக்காந்திருக்கீங்க? எழுந்திருங்க."

எழுந்தாள். வெறும் பை, பக்கத்தில் மூன்று குவியல். அவர் கையெழுத்துப் போட்டு இறங்கினார். இன்னும் ஒரு வருஷத்துக்கு மேடு அவளுடையது.

எந்தக் குவியலிலும் சேராத ஒன்று மட்டும் அவள் உள்ளங்கையில் மிஞ்சியது: மேல்வரிசைப் பல்செட், நடுவில் ஒரு தங்கப்பல்.

"மாமா, கைய எடுங்க பாப்போம்" என்றான், படகுக்காகக் காத்திருந்து கதை கேட்ட கூட்டத்தில் ஒருவன்.

"எதுக்கு எடுக்கணும்?" பொத்திய கைக்குள்ளிருந்தே கேட்டார் சில்வெரியோ.

அவர் மனைவி மெலிதா மெல்லத் திரும்பினாள். "கடல்ல விழுந்துடுச்சுன்னு சொன்னே. ரெண்டு வாரமாக் கஞ்சி காய்ச்சி என் கை தேஞ்சுபோச்சு."

"மூட்டை கட்டினது நீதானே?"

"கட்டினேன். பிரிச்சுப் போடுன்னும் சொன்னேன். தூக்கிப்போய் வீசினது யாரு?"

"அது நம்ம வீட்டுக் குப்பைன்னு எவன் சொன்னான்?"

"உன் பல்லு சொல்லுது."

படகு வந்து நின்றது. யாரும் ஏறவில்லை.